மண் சுவருக்குத் தேங்காய் நார்

வீடு பழுதுபார்க்க உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில், "மண் சுவர் வெடித்துவிட்டது, சிமெண்ட் பூச வேண்டும்" என்ற வரி அடிக்கடி வருகிறது. நேரில் போய்ப் பார்த்தால், முன்பு பூசிய சிமெண்டே பாளம் பாளமாகப் பெயர்ந்து நிற்கும் வீடுகளும் உண்டு. அதே வேலைக்கு மறுபடியும் உதவிப் பணத்தைக் கொடுக்க எங்களுக்கு மனமில்லை. ஏன் என்பதை விளக்கவே இதை எழுதுகிறோம்.

மண் சுவர் ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விடும். மேலே சிமெண்டைப் பூசிவிட்டால், தரையிலிருந்து ஏறும் ஈரமும் கீறல் வழியே புகும் மழைநீரும் உள்ளேயே தங்கி மண்ணை இளக்கிவிடும். பூச்சு பிடிப்பின்றிக் கழன்றுவிடும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவருக்கும் ஏறக்குறைய இதே கதிதான். ஆகவே மண்ணுக்கு மண் பூச்சு, காரைக்குக் காரைப் பூச்சு.

"வெறும் மண்ணைப் பூசினால் வெடிக்காதா?" என்று கேட்பீர்கள். வெடிக்கும். களிமண் காயும்போது சுருங்குவதுதான் காரணம். நார் அந்தச் சுருக்கத்தை நிறுத்திவிடாது. ஆனால் ஒரே இடத்தில் விரல் நுழையும் வெடிப்பாக வரவேண்டியதை, பல மெல்லிய கீறல்களாகப் பிரித்துவிடும். ஒவ்வொரு கீறலின் இரு பக்கத்தையும் நார் பிடித்துக்கொண்டிருப்பதால் பூச்சு உதிர்வதில்லை.

மாலி நாட்டின் ஜென்னே நகரப் பெரிய பள்ளிவாசலைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1907-இல் கட்டப்பட்ட இன்றைய கட்டடத்தின் சுவர்கள் வெயிலில் காயவைத்த மண்கற்களால் ஆனவை. களிமண்ணோடு உமி கலந்து நாட்கணக்கில் புளிக்கவைத்து, ஊரே திரண்டு பூசுகிறது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கட்டைகள்தான் ஏறி நிற்கச் சாரம். இந்தப் பூச்சு வேலை ஆண்டுதோறும் நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். மண் வீடு சிக்கனமானது, ஆனால் கவனிப்புக் கேட்கும்.

நமக்கு வைக்கோலும் தேங்காய் நாரும் கிடைக்கின்றன. இரண்டில் நாரே சிறந்தது என்பது எங்கள் கருத்து. அது எளிதில் மட்காது. தூளை உதறி, தண்ணீரில் அலசி, 1 முதல் 2 அங்குல நீளத்துக்கு நறுக்குங்கள். 100 கிலோ காய்ந்த மண்ணுக்கு அரை முதல் 1 கிலோ நார் போதும். அதிகம் போட்டால் திரளை திரளையாகச் சேர்ந்து, உள்ளே பொந்து விழும். மிதிப்பவர் இதற்குச் சோம்பல் படக் கூடாது!

மண்ணுக்கு மண் குணம் மாறும். அதனால் கொத்தனார் சொல்லும் அளவை அப்படியே ஏற்காமல், சுவரில் ஓரடிச் சதுரமாக மூன்று இடங்களில் வெவ்வேறு அளவு நார் கலந்து பூசிப் பாருங்கள். ஒரு வாரம் நிழலில் காயட்டும். வெடிக்காததும், விரலால் தேய்த்தால் உதிராததும் எதுவோ அதுவே உங்கள் வீட்டுக் கலவை. மிகவும் பிசுபிசுப்பான மண்ணானால் மணலும் சேர்க்க வேண்டியிருக்கும்.

நார் கலந்தாலும் மண் பூச்சு மழைக்குக் கரையும். கூரை விளிம்பு நன்றாக வெளியே நீண்டிருக்க வேண்டும். சுவரின் அடிப்பகுதி கல்லாகவோ சுட்ட செங்கல்லாகவோ இருப்பது நல்லது. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் பெரிய வெடிப்பும், சுவர் சாய்வதும் பூச்சால் தீராதவை. அவை அடித்தளக் கோளாறாக இருக்கலாம். அத்தகைய வீட்டில் பூச்சு வேலையைத் தொடங்காமல், முதலில் அலுவலகத்தில் சொல்லுங்கள்; பொறியாளர் ஒருவரை அழைத்து வந்து பார்க்கிறோம். மற்றவர்கள், சோதனைப் பூச்சு காய்ந்த பின் எடுத்த படத்தையும் மனுவோடு இணைத்துக் கொடுங்கள்.