மென்பொருளைச் சோதிக்க வெளியார் எதற்கு?

கணிப்பொறி தொடாத துறை இன்று இல்லை எனலாம். நம் பல்லடம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். புதுவகைத் தறிகள் ஓடுவதும், வங்கியில் பணம் கைமாறுவதும், ரேஷன் கடையில் அட்டை பதிவாவதும், மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பதும் அதன் துணையால்தான். ஆனால் கணிப்பொறி தானாக எதையும் செய்வதில்லை. இன்னது நேர்ந்தால் இன்னது செய் என்று மனிதர் எழுதிவைத்த கட்டளைகளின்படியே அது நடக்கிறது. அக்கட்டளைகளின் தொகுப்பே மென்பொருள்.

எழுதி முடித்த மென்பொருளை அப்படியே பிறர் கையில் கொடுத்துவிடக் கூடாது. சரியான தகவலுக்குச் சரியான விடை வருகிறதா, தவறான தகவல் தந்தால் என்ன செய்கிறது, ஆயிரம் பேர் ஒன்றாகப் பயன்படுத்தினால் தாங்குமா என்றெல்லாம் சோதிக்க வேண்டும். இதற்கென்றே பெரிய நிறுவனங்களில் சம்பளத்துக்கு ஆட்கள் உண்டு. அப்படியிருக்க, மேலும் பணம் செலவழித்து வெளியிலிருந்து ஆலோசகர்களை அழைப்பானேன்?

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நாம் எழுதிய கட்டுரையை நாமே மூன்று முறை படித்தாலும் விட்டுப்போன எழுத்து கண்ணில் படுவதில்லை. பக்கத்திலிருக்கும் தோழி ஒரே பார்வையில் காட்டிவிடுகிறாள். எழுத நினைத்தது நம் மனத்தில் இருப்பதால், தாளில் இல்லாததையும் இருப்பதாகவே படித்துவிடுகிறோம். மென்பொருள் எழுதுகிறவர் நிலையும் இதுவே. 'பயன்படுத்துகிறவர் இப்படித்தான் செய்வார்' என்று எண்ணி எழுதுகிறார். அதே எண்ணத்தோடு சோதித்தும் பார்க்கிறார். எண்ணமே பிழையாக இருந்தால் சோதனை என்ன செய்யும்? பொதுத்தேர்வு விடைத்தாள்களை வேறு பள்ளி ஆசிரியர்கள், எழுதியவர் யாரென்று அறியாமல் திருத்துகிறார்கள். நம் ஆசிரியர்கள்மீது ஐயம் கொண்டு செய்த ஏற்பாடன்று அது. பற்றில்லாத கண் வேண்டும் என்பதே காரணம்.

இரண்டாவது காரணத்தை நம் கொங்கு நாட்டுப் பஞ்சாலைகளே விளக்கும். நூலின் கவுண்ட் என்ன, உறுதி எவ்வளவு என்று பார்க்க ஆலைகளில் சொந்தச் சோதனைக்கூடம் உண்டு. ஆயினும் 1956 இல் கோவையில் தொடங்கப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியை ஆலைகள் நாடுகின்றன. 'சிட்ரா' என்று சொன்னால் இங்கே பலருக்கும் தெரியும். அதன் நிபுணர்கள் பல ஆலைகளின் உற்பத்தியையும் நூலின் தரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள். தன் ஆலையை மட்டுமே அறிந்தவருக்கு அங்குள்ள கழிவு இயல்பானதாகத் தோன்றும். பத்து ஆலை பார்த்தவருக்கு அது மிகுதி என்று தெரியும். மென்பொருள் ஆலோசகரும் பல நிறுவனங்களின் சோதனை முறைகளைப் பார்த்து வருபவர். 'இவ்வகைப் பிழை இன்ன இடத்தில் ஒளிந்திருக்கும்' என்ற அனுபவத்தையே அவர் கொண்டுவருகிறார்.

இதில் பணம் மட்டுமா நட்டம்? உயிரும் போகும் என்பதற்குத் தெராக்-25 சான்று. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தருவதற்காகக் கனடா நாட்டு அணுசக்தி நிறுவனம் செய்த இயந்திரம் அது. பழைய இயந்திரங்களில் இருந்த தனிப் பாதுகாப்புக் கருவிகள் சிலவற்றை நீக்கி, அவற்றின் வேலையை மென்பொருளிடம் ஒப்படைத்திருந்தார்கள். 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். சிலர் மாண்டனர்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில், 1986 மார்ச்சில் ஒருவர் இவ்வாறு பாதிக்கப்பட்டார். செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்து சோதித்தும் கோளாறு தென்படவில்லை. அளவு மிஞ்ச வழியே இல்லை என்றார்கள். இயந்திரம் மீண்டும் ஓடியது. ஏப்ரலில் இன்னொருவர் பாதிக்கப்பட்டார். பிறகு அம்மருத்துவமனையின் இயற்பியலாளரும் இயந்திரத்தை இயக்கிய பெண்ணும் அமர்ந்து, அன்று நடந்ததைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தனர். உண்மை வெளிப்பட்டது. பழகிய கையாதலால் அப்பெண் வேகமாகத் தட்டச்சு செய்பவர். தவறாக அடித்த ஓர் எழுத்தைத் திருத்தி எட்டு நொடிக்குள் முடித்துவிட்டால், அத்திருத்தம் முழுமையாக இயந்திரத்துக்குள் போய்ச் சேரவில்லை! மெதுவாக அடித்துப் பார்த்தால் கோளாறு தலைகாட்டாது. இவ்விருவரும் ஆலோசகர்கள் அல்லர். ஆனால் மென்பொருளை எழுதாத வெளியார். அதுவே உதவிற்று.

மூன்றாவது காரணம், அஞ்சாமல் பேசும் உரிமை. 'இந்த மாதம் முடித்தே தீரவேண்டும்' என்று மேலதிகாரி நிற்கும்போது, 'இன்னும் ஆகவில்லை' என்று சொல்லக் கீழே உள்ளவர் தயங்குவார். வெளியாருக்கு அத்தயக்கம் குறைவு. நான்காவது, சில சோதனைகளுக்குத் தனித் திறமை வேண்டும். பிளஸ் டூ முடிவு வெளியாகும் காலையில் பல லட்சம் பேர் ஒரே நேரத்தில் இணையதளத்தைத் திறக்கிறார்கள். அந்தப் பாரத்தை முன்கூட்டியே ஏற்றிப் பார்ப்பது ஒரு கலை. திருடர் நுழைய வழியிருக்கிறதா என்று பார்ப்பது மற்றொன்று. இந்திய அரசின் இணையதளங்களை, 2004 இல் ஏற்பட்ட 'செர்ட்-இன்' அமைப்பின் பட்டியலில் உள்ள தணிக்கையாளர்கள் சோதித்த பின்னரே வெளியிடவேண்டும் என்ற விதியும் உண்டு.

எனினும் வெளியாரை அழைத்தால் போதும் என்று எண்ணிவிடலாகாது. நாலு நாள் தங்கி, தடித்த அறிக்கை ஒன்று எழுதி, அது அலமாரியில் உறங்குமானால் செலவு வீண். நல்ல ஆலோசகர் முதலில் இயந்திரத்தின் முன் அமர்ந்து வேலை செய்பவரிடம் காது கொடுப்பார். டைலரில் விடை அங்கேதான் இருந்தது. போகும்போது தம் முறையை உள்ளே இருப்பவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவார். அவர் மறுபடி வரத் தேவையில்லாதபடி செய்வதே அவர் வேலையின் வெற்றி.

நம்மில் பலர் நாளை கோவையிலோ சென்னையிலோ இத்துறையில் பணிபுரியக்கூடும். சோதிப்பவரின் வேலை குறை சொல்வது என்று உலகம் நினைக்கலாம். முகம் அறியாத ஒரு நோயாளியின் உயிரையும், ஓர் ஏழைக் குடும்பத்தின் சேமிப்பையும் காக்கும் வேலை அது என்பதை நாம் அறிவோம். நம் வேலையைப் பிறர் சோதிக்கும்போது முகம் சுளிக்காமல் இருக்க இப்போதே பழகுவோம். பிறர் வேலையைச் சோதிக்கும்போது அஞ்சாமல், அன்போடு உண்மையைச் சொல்லவும் பழகுவோம்.