ஈம் கிராமத்து எல்லைக்கல்

இங்கிலாந்து என்றதும் இலண்டன் மாநகரின் மாளிகைகளே பலரது நினைவில் முந்தி நிற்கும். ஆயின் அந்நாட்டு மக்களின் இயல்பை அறிய விரும்புவோர் அவர்தம் நாட்டுப்புறத்து ஒற்றையடிப் பாதைகளிற் செல்லுதல் வேண்டும். விடுமுறை நாட்களிற் பத்து இருபது பேர் ஒன்றுகூடி, தடித்த சப்பாத்தணிந்து, ஊர்ப்புறங்களைக் கால்நடையாகச் சுற்றிவருதல் அங்கு நெடுநாள் வழக்கம். வழியறிந்த ஒருவர் முன்னே நடப்பார். எவரும் பின்தங்காதபடி பார்த்துக்கொள்ள மற்றொருவர் இறுதியில் வருவார்.

இப்பாதைகளிற் பல தனியாரின் வயல்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் ஊடாகச் செல்கின்றன. நிலம் ஒருவருக்குச் சொந்தமெனினும், அதிலுள்ள பொதுப்பாதையில் நடக்கும் உரிமை யாவர்க்கும் உண்டு. அவ்வுரிமை எளிதில் உறுதிப்பட்டதன்று. 1932ஆம் ஆண்டு டார்பிஷயர் மாகாணத்துக் கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலத்தில் தடையை மீறி நடந்தோரிற் சிலர் சிறை சென்றனர். 1949ஆம் ஆண்டுச் சட்டம் பொதுப்பாதைகளை அளந்து வரைபடத்திற் பதிய வழிசெய்தது. அச்சட்டத்தின்கீழ் 1951இல் அமைந்த முதலாவது தேசியப் பூங்காவினுள்ளேயே ஈம் என்னும் சிற்றூர் இருக்கின்றது.

நடைக்குழுவினர் இவ்வூரை நாடுவது அழகிற்காக மட்டுமன்று. 1665ஆம் ஆண்டு இலண்டனிற் கொள்ளைநோய் பரவியிருந்தது. அங்கிருந்து ஈம் கிராமத்துத் தையற்காரர் ஒருவரின் வீட்டிற்குத் துணிப்பொதி ஒன்று வந்தது. அதிலிருந்த தெள்ளுப்பூச்சிகளே நோயைக் கொணர்ந்தன என்பது வழிவழி வந்த செய்தி. துணியைப் பிரித்து உலர்த்திய ஜோர்ஜ் விக்கர்ஸ் என்பவர் செப்டெம்பர் மாதத்தில் இறந்தார். பின்னர் வீடுதோறும் சாவு நுழைந்தது.

1666ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஊர்க் குருவானவர் வில்லியம் மொம்பெசன், ஊரைவிட்டு எவரும் வெளியேறலாகாது என மக்களை வேண்டினார். அவர் ஊருக்குப் புதியவர், வயதிலும் இளையவர். ஆகவே, முன்னர் அங்கு குருவாயிருந்து பதவியிழந்த தோமஸ் ஸ்ரான்லியின் துணையை நாடினார். சமயக் கொள்கையில் வேறுபட்ட இருவரும் ஒன்றாய் நின்றமையால் மக்கள் இசைந்தனர். கோயில் வழிபாடு திறந்த வெளிக்கு மாற்றப்பட்டது. இறந்தோரை அவரவர் குடும்பத்தினரே அடக்கஞ் செய்தனர். டெவன்ஷயர்ப் பிரபு உணவு அனுப்ப உடன்பட்டார்.

இன்று நடப்போர் கோயிலருகே புறப்பட்டு, மதில்களின் கடப்புகளைத் தாண்டி, வயல்வழியே சென்றால் அந்த எல்லைக்கல்லை அடைவர். அதன் மேற்புறத்திற் சிறு குழிகள் உள. ஊரார் அவற்றில் வினாகிரி ஊற்றிக் காசை இட்டுச் செல்வர். அயலூரார் காசை எடுத்துக்கொண்டு பண்டங்களை வைத்துச் செல்வர். நோய் காசோடு போகாதிருக்கச் செய்த ஏற்பாடு அது.

ஊரின் மற்றொரு புறத்தில், கல்மதில் சூழ்ந்த சிறு வளைவினுள் ஹான்கொக் குடும்பத்தின் கல்லறைகள் உள்ளன. எலிசபெத் ஹான்கொக் என்னும் தாய், அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் எட்டு நாட்களுக்குள் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தாள். மொம்பெசனின் மனைவி கதரினும் அம்மாதத்திலேயே மாண்டார். நோய் தணிவதற்குள் ஏறக்குறைய 260 பேர் இறந்தனர். சுற்றுப்புற ஊர்கள் பேரழிவிற்குத் தப்பின.

ஊரை அடைத்தமை உள்ளிருந்தோரின் சாவைப் பெருக்கியதா என்பது பற்றி ஆராய்ச்சியாளர் இன்றும் வாதிடுகின்றனர். ஆனால் தமக்கு முகமறியாதோரின் உயிரைக் காக்க எளிய குடியானவர் தம் காலடியைத் தாமே கட்டுப்படுத்தினர் என்பது மறக்கற்பாலதன்று. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் மக்கள் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது ஈம் கிராமத்தின் பெயர் மீண்டும் பேசப்பட்டமைக்குக் காரணம் இதுவே.

அன்று ஊரார் கடக்க மறுத்த எல்லையை இன்று நடைக்குழுவினர் சில நிமிடங்களிற் கடந்து செல்கின்றனர். நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்றோரும், நடவாதிருக்கும் கடமைக்காக உயிர் கொடுத்தோரும் ஒரே மாகாணத்து மண்ணில் தடம் பதித்தவர்களே. உரிமை, கடமை ஆகிய இரண்டையும் அறிந்த சமுதாயமே நிலைத்து நிற்கும்.