நல்ல வேட்பாளர், நல்ல அதிபர்

அமெரிக்க அதிபர் பதவிக்கு வருபவர்கள் பெரும்பாலும் அந்நாட்டின் தலைசிறந்த மனிதர்களாக இல்லாமற்போவது ஏன் என்ற கேள்விக்குத் தெளிவான விடையொன்றை எழுதியவர், பெல்ஃபாஸ்டில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் சட்டப் பேராசிரியராகவும் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய ஜேம்ஸ் பிரைஸ் என்னும் அயலவர் ஆவார். 1870 முதல் மும்முறை அமெரிக்காவுக்குச் சென்று வந்த அவர், 1888-இல் வெளியிட்ட 'தி அமெரிக்கன் காமன்வெல்த்' என்ற நூலில் இக்கேள்விக்கென்றே ஓர் இயலை ஒதுக்கினார். பிரிட்டனில் பிரதமராக வருபவரை நாடாளுமன்றத் தோழர்கள் பல்லாண்டு அருகிருந்து எடைபோட்டிருப்பார்கள் என்பதை அறிந்திருந்ததால், அமெரிக்கர்கள் இயல்பென்று கொண்டிருந்த வழக்கங்கள் அவர் கண்ணுக்குத் தனித்துத் தெரிந்தன.

திறமைசாலிகள் அரசியலை விட்டு இரயில்வே போன்ற தொழில்களுக்குச் சென்றதையும் அவர் ஒரு காரணமாகக் காட்டினார் என்றாலும், அவருடைய வாதத்தின் உயிர்நிலை நல்ல அதிபருக்கும் நல்ல வேட்பாளருக்கும் இடையே அவர் கண்ட வேறுபாட்டில் இருக்கிறது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சி மாநாட்டில் கூடுபவர்களுக்கு முதற்கவலை வெற்றியே ஆதலால், பல்லாண்டு பொதுவாழ்வில் நிலைப்பாடுகள் எடுத்துப் பகைவர்களையும் சேர்த்துக்கொண்ட பெருந்தலைவரைவிட, குறைசொல்ல அதிகம் இடமில்லாத நடுத்தர மனிதரே அவர்களுக்குப் பாதுகாப்பானவராகத் தோன்றினார். 1824, 1832, 1844 ஆகிய மூன்று தேர்தல்களிலும் தோற்ற ஹென்றி கிளே தம் காலத்தின் மிகப் பெரிய நாடாளுமன்றத் தலைவர்களுள் ஒருவர். 1844-இல் அவரை வென்ற ஜேம்ஸ் போல்க்கோ, முன்னணியில் இருந்தவர்களால் போதிய ஆதரவைத் திரட்ட இயலாத நிலையில், மாநாட்டின் ஒன்பதாம் சுற்று வாக்கெடுப்பில் வேட்பாளரானவர்.

இரண்டாவதாகப் பிரைஸ் சுட்டியது வேட்பாளரின் சொந்த மாநிலம். அமெரிக்காவில் மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் அளவுக்கேற்ற எண்ணிக்கையில் தேர்வாளர்களை அனுப்ப, அவர்களுடைய வாக்குகளே முடிவு செய்கின்றன, அம்மாநிலத்தில் முந்துபவருக்கே பெரும்பாலும் அவை அனைத்தும் சேர்கின்றன. எனவே எந்தக் கட்சிக்கும் உறுதியாகச் சாயாத நியூயார்க், ஒஹையோ, இந்தியானா போன்ற மாநிலங்களைச் சேர்ந்தவருக்குத் தனி மதிப்பு உண்டாயிற்று. 1884-இல் நியூயார்க் ஆளுநர் குரோவர் கிளீவ்லாந்து, பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பதிவான தம் மாநிலத்தில் ஏறத்தாழ ஆயிரம் வாக்குகளில் முந்தி, அதன் 36 தேர்வாளர் வாக்குகளையும் பெற்று அதிபரானார். அவை எதிராளியிடம் போயிருந்தால் தோற்றிருப்பார்.

இக்கருத்துக்கு எதிர்ச்சான்றாக ஆபிரகாம் லிங்கனைக் காட்டத் தோன்றும். ஆனால் 1860-இல் சிகாகோவில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டில் முதற்சுற்றில் முந்தியவர் பெரும்புகழ் பெற்ற வில்லியம் சீவார்டு. அவருக்குப் பகைவர் மிகுதி என்பதாலும், முந்தைய தேர்தலில் கட்சி இழந்த இல்லினாய், இந்தியானா, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் அவர் வெல்லமாட்டார் என்று அஞ்சியதாலும், இல்லினாயைச் சேர்ந்த, பகைவர் குறைந்த லிங்கன் மூன்றாம் சுற்றில் தேர்ந்தெடுக்கப்பட்டார். போல்க்கைக் கொண்டுவந்த கணக்கே லிங்கனையும் கொண்டுவந்தது என்பதால், அம்முறை மாமனிதர்களை விலக்கியது என்பதைவிட, ஒருவர் மாமனிதரா என்று கேட்கவே இல்லை என்று சொல்வதே பொருந்தும்.

பிரைஸ் கண்ட இரண்டு காரணங்களுள் முதலாவது இன்று பெரிதும் மாறிவிட்டது. 1968-க்குப் பின் வந்த சீர்திருத்தங்களால், மாநாட்டுத் தலைவர்களின் பேரங்களுக்குப் பதிலாக, கட்சி ஆதரவாளர்களே வாக்களிக்கும் பிரைமரி என்னும் உட்கட்சித் தேர்தல்கள் வேட்பாளரை முடிவு செய்யத் தொடங்கின. இம்முறையில் பகைவரைக் குறைத்துக்கொள்வதைவிடத் தீவிர ஆதரவாளரைத் திரட்டுவதே பயன் தருகிறது. அரசுப் பதவியோ இராணுவப் பணியோ வகித்திராத டொனால்டு டிரம்ப் 2016-இல் வேட்பாளரானது இவ்வழியில்தான். இரண்டாவது காரணத்துக்கு அடிப்படையான மாநிலக் கணக்கு அசையவில்லை: அத்தேர்தலில் நாடு முழுவதும் எதிராளியைவிட 28 லட்சத்துக்கும் மேல் குறைவான வாக்குகள் பெற்ற அவர், பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் ஆகிய மூன்று மாநிலங்களில் மொத்தம் எண்பதாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் முந்தியதால் அதிபரானார்.