டிசைனா? ரயில் நிலையத்துக் கூரையில் இருக்கு, போய் எடுத்துக்குங்க!

"இந்த டிசைனை எங்கேருந்து பிடிச்சீங்க?"

மரக் கடைசல் செய்கிறவர்களிடம் கண்காட்சிக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் இதற்குத்தான் முதலிடம். (விலை கேட்பது இரண்டாவது. விலையைக் கேட்டதும் பக்கத்துக் கடைக்கு நகர்ந்துவிடுவது மூன்றாவது.) "சும்மா மனசுல தோணிச்சு" என்று அடக்கமாகச் சிரித்து வைப்போம். பொய்! சுத்தப் பொய்! மனசில் ஒன்றும் தோன்றவில்லை, எல்லாம் ஊரிலிருந்து திருடியது. அதுவும் பட்டப்பகலில், நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. எதை எங்கே திருடினோம் என்று காட்டத்தான் இன்று உங்களைப் பின்வாசல் வழியாகப் பட்டறைக்குள் கூட்டிப் போகிறேன். செருப்பைக் கழற்ற வேண்டாம், தரையெல்லாம் சீவல்.

சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிற அட்டைத் துண்டுகளை முதலில் பாருங்கள். ஓரத்தில் இருப்பது ஈப்போ ரயில் நிலையம். ஆமாம், அதேதான்! ஆர்தர் பெனிசன் ஹப்பக் வரைந்து, 1917இல் திறக்கப்பட்டு, ஊரார் 'ஈப்போவின் தாஜ்மகால்' என்று செல்லம் கொஞ்சுகிற வெள்ளைக் கட்டடம். சுற்றுலா வருகிறவர்கள் காலை வெயிலில் பளிச்சென்று படம் பிடித்துக்கொண்டு வெள்ளைக் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். நமக்கு அந்த நேரம் ஆகாது. நிலையம் கிழக்கே பார்த்து நிற்கிறது. சாயங்காலம் முன்னால் இருக்கும் திடலில் நின்றால் சூரியன் அதன் முதுகுப் பக்கம் இறங்கும். தூண், ஜன்னல், வளைவு எல்லாம் மறைந்து, வானத்தில் ஒரு கறுப்பு விளிம்பு மட்டும் மிஞ்சும். நமக்கு வேண்டியது அந்த விளிம்புதான்! சுழலுகிற மரத்துக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. அந்த ஒற்றைக் கோடுதான் அதன் ஜாதகம்.

படத்தை அச்சிட்டு, குவிமாடத்தின் நட்டநடுவே மடித்து, ஒரு பாதியை வெட்டி வீசிவிடலாம். மீதியை மைலோ அட்டைப்பெட்டியில் ஒட்டி வெட்டினால் அச்சு தயார். லேத்தை நிறுத்தி அட்டையை மரத்தின் மேல் வைத்து, மறுபக்கம் விளக்கைப் பிடிக்க வேண்டும். எந்த இடத்தில் வெளிச்சம் கசியவில்லையோ, அங்கே மரம் இன்னும் துருத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அங்கே ஒரு சீவு. மறுபடி அட்டை, மறுபடி விளக்கு. வெளிச்சக்கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே மெலிசாக ஓடும்போது ரயில் நிலையம் உங்கள் கையில்! அதைக் கவிழ்த்தால் கிண்ணம். நிமிர்த்தினால் மூடி.

மூடி என்றதும் கோலகங்சாருக்குப் போயாக வேண்டும். அங்கே உபுடியா பள்ளிவாசலும் ஹப்பக்கின் கைவரிசைதான். கட்டிக்கொண்டிருந்த காலத்தில் சுல்தானுடைய யானையும் ராஜா சூலானுடைய யானையும் சண்டை போட்டு, இத்தாலியிலிருந்து வந்த பளிங்கை மிதித்து நொறுக்கிவிட்டன என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். யானைக்கு அப்படியென்ன அவசரமோ! எங்களுக்கு வேண்டியது அந்தப் பொன்னிறக் குவிமாடத்தின் இடுப்பு. வயிறு உப்பி, அடியில் கொஞ்சம் உள்வாங்கி, உச்சியில் கூம்பி முடிகிறது. குங்குமச் சிமிழ் மூடிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உள்வாங்கிய இடத்தில் இரண்டு விரல் தானாகப் போய் உட்காரும், மூடி வழுக்காது. பள்ளிவாசல் குவிமாடத்திலிருந்து குங்குமச் சிமிழ்! பேராக்கில் இதையெல்லாம் யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

சிமிழுக்கு நிறமேற்றும் வித்தை மட்டும் கடல் தாண்டி வந்தது. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானும் சன்னபட்டணத்துப் பொம்மையும் எப்படிப் பளபளக்கின்றன என்று நினைக்கிறீர்கள்? தூரிகையே கிடையாது. நிறம் சேர்த்த அரக்குக் குச்சியைச் சுழலுகிற மரத்தில் அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தைப் பற்றிக்கொள்ளும். பிறகு தாழை மடலை வைத்து அழுத்தினால் கண்ணாடி மாதிரி ஒரு மினுக்கு. தாழைக்கு இங்கே பஞ்சமா? கம்பத்து மலாய்க்காரப் பாட்டிகள் பாய் பின்னுகிற மெங்குவாங், தாழைச் சாதிதானே! முதல் தடவை மெங்குவாங் மடலை வைத்து அழுத்தி, அரக்கு மின்ன ஆரம்பித்தபோது பட்டறையில் ஒரு கூச்சல் எழுந்தது. அடுத்த வீட்டுக்காரர் என்னமோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்.

பத்துகாஜா பக்கத்துக் கெல்லிஸ் காசலைப் பற்றிக் கேட்பீர்கள். ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டி முடிக்காமல் விட்ட மாளிகை. 1926இல் லிஸ்பனில் அவர் இறந்தார், கட்டடம் அப்படியே நின்றுபோனது. எல்லாரும் பேய் தேடிப் போகிறார்கள். உருளை வடிவம் தேடிப் போனவனுக்கு அங்கே ஏமாற்றம்தான். எங்கே திரும்பினாலும் வளைவு வளைவாக ஜன்னல், லேத்துக்கு ஒன்றும் தேறவில்லை. ஆனால் பக்கத்திலேயே வேலையாட்களுக்காக அவர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறதே, அங்கே போங்கள். கோட் போட்ட வெள்ளைக்காரர் சிலையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கண்ணை இன்னும் மேலே கலசத்துக்குக் கொண்டுபோங்கள். குடம், கழுத்து, மொட்டு என்று ஒவ்வொன்றும் கடைசல் கணக்கிலேயே அடுக்கியிருக்கும். ஈப்போ சுண்ணாம்பு மலைக் குகைகளும் அப்படித்தான். கெக் லோக் தோங்கில் மேலிருந்து தொங்குகிற கல்லையும் கீழிருந்து எழுகிற கல்லையும் பார்த்துவிட்டு வந்தால், பூச்சாடிக் கழுத்துக்கு ஒரு வருஷத்துக்கு வடிவம் பஞ்சமில்லை.

சரி, வடிவக் கதை போதும். நிஜமான புதையல் பின்கட்டில், தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. வாங்க, வாங்க!

ரப்பர் மரம்!

1877இல் கோலகங்சாரில் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ ஒன்பது ரப்பர் கன்றுகளை நட்டார். அதில் ஒன்று மாவட்ட அலுவலகத்துப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. அதைத் தொட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த மரங்கள் பேராக் முழுக்க நிரை நிரையாக நின்றன, நம்முடைய ஆட்கள் பெரட்டு என்கிற ஆள்கணக்கு முடிந்து விடியுமுன்னே அவற்றுக்கு நடுவே போனார்கள். இருபத்தைந்து முப்பது வருஷம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை வெட்டி அடுப்பெரித்தார்கள், செங்கல் சூளைக்கு அனுப்பினார்கள். நாற்காலி மேசைக்கு ஆகும் என்று தெரிந்து தொழிற்சாலைகள் தேடி வந்தது பிற்பாடுதான். இதற்குள் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன.

தொழிற்சாலைக்கு ரப்பர் மரம் வெள்ளையாக இருக்க வேண்டும். லேசாக ரோஜா நிறம் கலந்த வெளிர் மஞ்சள், ஒரே சீராக. இந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால் வெட்டிய சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலக்கறை படரும், வண்டு துளைக்கும். ஆகவே உடனே பலகையாக அறுத்து, போராக்ஸ் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூட்டடுப்பில் காயவைப்பார்கள். தப்பிக் கறை பிடித்ததைக் கழித்துவிடுவார்கள்.

கழித்ததெல்லாம் எங்களுக்கு! இந்தக் கட்டையைப் பாருங்கள். பச்சையும் கறுப்பும் கலந்த நீலம், மழை மேகத்தைத் துடைத்து எடுத்த மாதிரி. எந்த ஓவியன் வந்து இப்படித் தீற்றுவான்? இரண்டே நிபந்தனை, கடையுமுன் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், வாய்க்கும் மூக்கிற்கும் முகமூடி வேண்டும். ஈரக் கட்டையைக் கடைந்தால் புளித்த வாடை ஒன்று கிளம்பும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது மல்லிகை மணம், மற்றவர்கள் வாசல் பக்கம் நகர்ந்துவிடுவார்கள்.

நீலத்தைவிட எனக்குப் பிடித்தது காயம்பட்ட கட்டைகள். பால் வெட்டுவது அரைச்சுற்று வெட்டு. இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிய வேண்டும், ஏனென்றால் பட்டைக்குள் பால் நாளங்கள் அதற்கு எதிர்ச்சாய்வாகப் போகின்றன. அப்படி வெட்டினால்தான் நிறைய நாளம் அறுபடும். கத்தி மரத்தைத் தொடக்கூடாது, ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையை மிச்சம் வைத்து நிறுத்த வேண்டும். கை தவறி ஆழமாக இறங்கினால் மரம் அந்த இடத்தில் முண்டும் முடிச்சுமாக வளர்ந்து காயத்தை மூடிக்கொள்ளும். அந்தக் காலத்தில் இதற்காகக் கங்காணியிடம் வாங்கிய வசவு கொஞ்சமா நஞ்சமா? இன்றைக்கு அதே முண்டை லேத்தில் ஏற்றினால் உள்ளே ரேகைகள் சுழித்துக்கொண்டு ஓடுகின்றன, நடுவில் புதைந்த பட்டைத் துண்டு காப்பி நிறத்தில் எட்டிப் பார்க்கிறது. சீராக வெட்டிய மரத்தில் இதில் ஒன்றுகூடக் கிடைக்காது!

பால் வெட்டி ஓய்வுபெற்ற பெரியம்மா ஒருநாள் பட்டறைக்கு வந்து, ஒரு முண்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "இது கையால வெட்டினது இல்லடா தம்பி, கோபத்தால வெட்டினது. வீட்ல ஏதோ சண்டை அன்னைக்கு" என்றார். அந்தக் கட்டையில் வந்த ஜாடியை நாங்கள் விற்கவில்லை, பெரியம்மாவே எடுத்துக்கொண்டு போய்விட்டார். பதிலுக்குத் தன்னுடைய பழைய ஜெபோங் கத்தியைக் கொடுத்தார். இப்போது ஜாடிகளின் தோளில் சரிந்து இறங்குகிற அந்த அரைச்சுற்றுக் கோடு எப்படி வருகிறது என்று கேட்கிறவர்களுக்கு விடை அதுதான். லேத்தை நிறுத்திவிட்டு, அசல் பால் வெட்டும் கத்தியால், அசல் சாய்வில், கையால் இழுப்பது. ரப்பர் மரத்தில் நார் எழும்பித் தொல்லை கொடுக்கும், மொட்டைக் கத்தி போனால் பஞ்சு பஞ்சாகப் பிய்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் சாணைக்கல்.

மேசை மேல் இருக்கிற பால் மங்கு, அதாவது மரத்தில் பால் பிடிக்கிற கிண்ணம், அதையும் எடுத்துப் பாருங்கள். உள்ளே மூலையே இல்லை, பால் ஒரு சொட்டுத் தங்காமல் வழிய வேண்டுமே! அந்த வளைவைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. மெல்லிய சங்கிலியின் இரண்டு முனையையும் சுவரில் இரண்டு ஆணியில் மாட்டித் தொங்கவிடுங்கள். தன் பாரத்தில் தானே தொய்ந்து நிற்கிற அந்த வளைவுதான் கிண்ணத்தின் உட்புறம். ஆணிகளை நெருக்கினால் ஆழக் கிண்ணம், விலக்கினால் அகலக் கிண்ணம். கோலகங்சார் பக்கத்துச் சாயோங் கிராமத்தில் செய்கிற கறுப்பு மண்ஜாடி, லாபு சாயோங், சுரைக்காய் வடிவம். அதன் வயிற்றுக்கு எவ்வளவு சங்கிலி தொங்கவிட்டும் சரிவரவில்லை. கடைசியில் சந்தையில் சுரைக்காயே வாங்கிவந்து நெடுக்காக இரண்டாக வெட்டி, அட்டையில் வைத்து வரைந்தோம். மிச்சம் மத்தியானம் கூட்டானது.

இந்த வாரத்துக் கிறுக்கு ரப்பர் காய். மூன்று புடைப்புள்ள காய், வெயிலில் காய்ந்து 'பட்டீர்' என்று வெடித்து, பழுப்புப் புள்ளி தெளித்த கொட்டையைத் தெறிக்கவிடுமே, அது! கொட்டையின் புள்ளிக்கோலத்தை இரண்டு நிற அரக்கில் கொண்டுவந்தாயிற்று. காய்தான் பாடாய்ப் படுத்துகிறது. வட்டத்தை மட்டுமே தெரிந்த இயந்திரத்திடம் மூன்று புடைப்பு கேட்டால் என்ன செய்யும்? நடுப்புள்ளியைச் சற்றே தள்ளி ஒருமுறை, இன்னொரு பக்கம் தள்ளி ஒருமுறை, மூன்றாம் பக்கம் தள்ளி ஒருமுறை என்று மூன்று தடவை மாற்றி மாட்டிக் கடைய வேண்டும். மையம் தப்பிய கட்டை சுழலும்போது லேத் நடுங்கும், மேசை நடுங்கும், தேநீர்க் குவளை தானாக நடந்துபோகும். வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டுகிறோம். இரண்டு பக்கம் முடிந்தது, மூன்றாவதை இதோ மாட்டப்போகிறேன். நீங்கள் அந்தத் தூணுக்குப் பின்னால் நின்றுகொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம் தள்ளி... ஆங், அங்கேதான். சுவிட்சைப் போடட்டுமா?