திருகுப்புரியும் வார்ப்பச்சும்

போத்தல் மூடியின் உட்புறத் திருகுப்புரி, பயன்படுத்துவோருக்கு மிகச் சாதாரணமானது; அச்சினை வடிவமைப்போருக்கோ அது ஒரு தடை. உருகிய நிலையில் உட்செலுத்தப்படும் பிளாஸ்ரிக் குளிர்கையிற் சுருங்கி, உள்ளச்சை இறுகப் பற்றுகின்றது. அதன் புரிகள் உள்ளச்சின் பள்ளங்களுள் அமர்ந்துவிடுகின்றன. எனவே மூடியை நேரே இழுத்தெடுத்தல் எளிதன்று. இத்தடையைக் கடக்கும் மூன்று வழிகளை இங்கு நோக்குவோம்.

முதலாவது, தள்ளிக் கழற்றல். புறவச்சு விலகிய பின்னர் தள்ளுதட்டு மூடியின் விளிம்பைத் தள்ள, மூடி விரிந்து புரிகளைத் தாண்டி வெளியேறும். உள்ளச்சின் புரியடி விட்டம் 25 மி.மீ., புரியாழம் 1 மி.மீ. எனக் கொள்வோமாயின், மூடி 27 மி.மீ. வரை, அதாவது 8 சதவீதம் விரிதல் வேண்டும். வெம்மை முற்றும் ஆறாத பொலிபுரொப்பிலீன், புரிமுனைகள் வளைவாக அமையின், இதனைத் தாங்கும். சாதாரண பொலிஸ்ரைரீன் முறிந்துவிடும்.

இரண்டாவது, ஒடுங்கும் உள்ளச்சு. நடுத்தண்டு பின்வாங்கியதும் அதனைச் சூழ்ந்த உருக்குத் துண்டங்கள் உள்நோக்கி ஒடுங்கும். அவற்றின் இணைப்புக் கோடுகள் புரியிற் பதிதல் இதன் குறை.

மூன்றாவது, சுழற்றிக் கழற்றல். பற்சட்டமோ மோட்டரோ உள்ளச்சைச் சுழற்றும். மூடியும் உடன் சுழலுமாயின் எதுவும் கழலாது. விரல்களுக்குப் பிடிப்பளிக்கும் வெளிப்புற வரிகளே அச்சினுள் அச்சுழற்சியைத் தடுக்கின்றன. ஆழ்ந்த, கூரிய புரிகளுக்கு இதுவே உகந்தது. ஆயின் பற்சில்லுகளும் தாங்கிகளும் செலவைப் பெருக்கும்.

ஆகவே, புரியின் வடிவைத் தீர்மானிப்பவர் அச்சின் விலையையும் தீர்மானிக்கின்றார். அச்சுத் தொழிலாளியின் அறிவு வரைபடம் முற்றுப்பெறுமுன் கேட்கப்படல் வேண்டும். உருக்கு வெட்டப்பட்ட பின்னர் கேட்பதாற் பயன் சிறிதே.