தேர்க் கூட்டமும் திரவத்தின் அணுக்களும்

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் நின்று பார்த்தவர்களுக்குக் கூட்டம் என்றால் என்னவென்று நாம் சொல்ல வேண்டியதில்லை. யாரும் பிறர் காலை மிதிக்க விரும்புவதில்லை. கூட வந்தவர்களை விட்டு விலகவும் மனம் வருவதில்லை. நெருங்கினால் விலகுவதும், விலகினால் நெருங்குவதுமாக ஜனங்கள் அலைமோதுகிறார்கள்.

சென்ற ஆடியில் ராஜபாளையத்திலிருந்து நம்முடன் தேர் பார்க்க வந்த மாணவன் ஒருவன் கேட்டான்: "ஸார், அணுவோ கண்ணுக்குத் தெரியாதது. திரவத்துக்குள் அது எப்படி நடமாடுகிறதென்று எவ்வாறு அறிந்தார்கள்? அதற்கெல்லாம் பட்டணத்துப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாமா?"

அவனுக்கு விடை எதிரேயே இருந்தது. கோபுரத்தின் மீதேறி ஒரு போட்டோ எடுத்தால், ஒருவரைச் சுற்றி எத்தனை பேர், எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்று தெரியும். இது கூட்டத்தின் நிலைக் குணம். ஒரே மனிதரைக் கண் மாறாமல் பின்தொடர்ந்தால், நாழிகை ஒன்றில் இடிபட்டு எவ்வளவு தூரம் நகர்ந்தார் என்று தெரியும். இது இயக்கக் குணம். தண்ணீரில் விட்ட மைத்துளி பரவுவது இந்த இயக்கத்தினால்தான்.

அணுக் கூட்டத்தை இவ்விரு விதமாகவும் கணிதத்தாலேயே கண்டவர் நம் தேசத்தவர். 1927-இல் ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான், கேம்பிரிட்ஜில் பயின்று, பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, 1960-இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆராய்ச்சிச் சாலைக்குச் சென்றார். அதற்கு முன்பே, 1957-இல், ஆல்டர், வெயின்ரைட் என்னும் இருவர் கோலிக் குண்டு போன்ற கற்பனை உருண்டைகளைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டிருந்தனர். மெய்யான திரவத்தையே அவ்வாறு நடத்திக் காட்ட முனைந்தார் ரஹ்மான்.

அவர் எடுத்துக்கொண்டது 864 அணுக்கள். பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 179 டிகிரிக் குளிரில் திரவமாயிருக்கும் ஆர்கான் வாயுவின் அணுக்கள் அவை. மிக நெருங்கினால் தள்ளும், சற்றே விலகினால் இழுக்கும் என்பதே அவற்றின் விதி. ஒவ்வோர் அணுவின் மீதும் மற்றவை செலுத்தும் விசையைக் கூட்டி, நியூட்டனின் விதிப்படி அடுத்த க்ஷணத்தில் அது எங்கே இருக்கும் என்று கணிப்பார். அந்த க்ஷணமோ, ஒரு விநாடியைக் கோடியால் வகுத்து, வந்ததை மறுபடியும் கோடியால் வகுத்தால் கிடைப்பது! பெட்டியின் கிழக்குச் சுவரைக் கடந்த அணு மேற்குச் சுவர் வழியே உள்ளே வந்துவிடும். ஆகையால் கூட்டம் குறைவதேயில்லை.

1964-இல் முடிவுகள் வெளியாயின. அணுக்கள் ஒன்றையொன்று சூழ்ந்து நிற்கும் நிலை பரிசோதனையோடு நன்கு ஒத்திருந்தது. அவை பரவும் வேகம் மட்டும், அளந்து கண்டதைவிட 15 சதவீதம் குறைவாக வந்தது. அதையும் ரஹ்மான் மறைக்கவில்லை. கட்டுரையின் முகப்பிலேயே எழுதினார்.

நம் மாணவன் மனத்தில் பதிய வேண்டியது இதுவே. ராஜபாளையத்தில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா மில் தொடங்கியது 1936-இல். நூல் எத்தனை வலுவுள்ளது என்பதை இழுத்து அறுத்துப் பார்த்தே சொல்ல வேண்டுமென்று நூற்பாலைத் தொழிலாளர் அனைவரும் அறிவர். கம்ப்யூட்டர் கணக்கும் அத்தகையதே. விசையின் விதியைத் தவறாகக் கொடுத்தால், தவறான உலகத்தையே அது அழகாகப் படைத்துக் காட்டும். உண்மைப் பொருளோடு உரசிப் பார்த்த பின்னரே அது அறிவாகிறது.

1971-இல் ஸ்டில்லிங்கர் என்பவரோடு சேர்ந்து 216 மூலக்கூறுகளைக் கொண்டு தண்ணீரையே இவ்வாறு ஆராய்ந்தார் ரஹ்மான். 1987-இல் அவர் காலமானார். அமெரிக்க பௌதிகச் சங்கம் அவர் பெயரால் ஒரு பரிசு வழங்கி வருகிறது. இன்று மருந்தையும் உலோகத்தையும் சிமெண்டையும் ஆராய்வோர் அவர் சென்ற வழியில்தான் செல்கின்றனர்.

பட்டணம் வேண்டுமா என்ற கேள்வி எஞ்சுகிறது. ரஹ்மான் பயன்படுத்தியது ஸி.டி.ஸி. 3600 என்னும் யந்திரம். அவ்வகையில் ஒன்று 1964-இல் பம்பாய் டாடா நிலையத்துக்கும் வந்தது. அக்காலத்தில் அதை நெருங்கக்கூடியவர் மிகச் சிலரே. இன்று பள்ளிக்கூட மேஜைமேல் இருக்கும் சாதாரணக் கம்ப்யூட்டர் அதைவிடப் பன்மடங்கு வேகமுள்ளது. வேண்டிய நிரல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. குறைவாயிருப்பது பொறுமையும் கணிதப் பயிற்சியுமே.

அடுத்த ஆடிப்பூரத்துக்குள் 864 அணுக்களையும் ஓடவிட்டுக் காட்டுவதாக அவன் வாக்களித்திருக்கிறான். பிழை எத்தனை சதவீதம் என்பதையும் மறவாமல் எழுதிக் காட்டும்படி நாமும் சொல்லியிருக்கிறோம்.