கைதானாலும் உரிமை உண்டு

1986-ஆம் ஆண்டு. டில்லியில் உள்ள உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் டி. கே. பாசு. மேற்கு வங்காளத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் செயல் தலைவர் அவர். போலீஸ் காவலில் மக்கள் இறந்துபோவதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அதைப் பார்த்து அவர் எழுதினார்.

அந்தக் கடிதத்தையே நீதிமன்றம் வழக்காக எடுத்துக்கொண்டது. 1996 டிசம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது. போலீசாருக்கு 11 கட்டளைகள் பிறந்தன. அவற்றில் சில:

• கைது செய்யும் போலீசாரின் பெயரும் பதவியும் சட்டையில் தெரிய வேண்டும்.

• கைதான நாளையும் நேரத்தையும் குறிப்பாக எழுத வேண்டும். அதில் ஒரு சாட்சியும் கைதானவரும் கையெழுத்திட வேண்டும்.

• உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும்.

• 48 மணி நேரத்துக்கு ஒரு முறை டாக்டர் பரிசோதிக்க வேண்டும்.

• விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம். ஆனால் வக்கீல் முழு நேரமும் கூட இருக்க முடியாது.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் இதில் சேராது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. இவை இரண்டும் அரசியல் சட்டம் தந்த உரிமைகள்.

கைது குறிப்பைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். விசாரணையில் சொன்னதைப் போலீசார் எழுதிக்கொள்வார்கள். அந்த வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்கிறது சட்டம். வெறும் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கவே கூடாது.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

எழுத்து அறிந்தவரை ஏமாற்றுவது கடினம். உரிமை அறிந்தவரை மிரட்டுவதும் கடினம்.